காலிக் கோட்டை: உள்ளே தங்குவதா, உனவட்டுனவிலா, கொழும்பிலிருந்து ஒரு நாளில் போய் வருவதா?

இலங்கைக்கு ஐந்தாறு நாள் போகிறவர்கள் பயணத் திட்டத்தில் திரும்பத் திரும்ப அழித்து எழுதும் வரி ஒன்று உண்டு: தென்கரை நகரான காலிக்கு எத்தனை நாள், தங்குவது எங்கே? அதன் மதில் சூழ்ந்த பழைய நகரான கோட்டைக்குள் அறை வாடகையைப் பார்த்ததும் 'கொழும்பிலிருந்து காலையில் போய் மாலையில் வந்துவிடலாமே' என்று தோன்றும். பிள்ளைகள் கடலில் குளிக்க வேண்டும் என்பார்கள். உடனே பக்கத்துக் கடற்கரையான உனவட்டுன பட்டியலில் ஏறும். யாராவது ஒருவர் 'கோட்டை வாசலுக்கு வெளியே பாதி விலைக்கு அறை இருக்கிறதே' என்பார்.

இதை அறை வாடகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். காலியில் எத்தனை வேளை, எந்தெந்த வேளை சாப்பிடப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தங்கும் இடம் அதிலிருந்து தானாக வரும்.

## எவற்றை வைத்து ஒப்பிடுகிறோம்

நேரம். கோட்டைச் சுவரில் நிழல் கிடையாது. காலை 10 மணிக்கு மேல் 3:30 வரை கல் சுடும், கடல்காற்று இருந்தும் தலை காயும். சுவரில் நடக்க நல்ல நேரம் காலை 6 முதல் 8:30, மாலை 4:30 முதல் இருட்டும் வரை. இந்த இரண்டில் எத்தனை உங்களுக்குக் கிடைக்கும்?

சாப்பாட்டு வேளை. இதற்குத் தனியாக ஒரு பகுதி கீழே.

மொத்தச் செலவு. வாடகை மட்டுமல்ல. ஆட்டோ, உணவக பில்லில் மேலேறும் வரி, பயணத்தில் போகும் மணிநேரம் எல்லாம் சேர்த்து.

கடல். கோட்டையைச் சுற்றிக் கடல்தான், ஆனால் பாறைக் கடல். கலங்கரை விளக்கத்தின் கீழே சின்னதாக ஒரு மணல்திட்டு உண்டு, கால் நனைக்கலாம். நாள் முழுக்க நீந்த நினைப்பவர்களுக்கு அது போதாது.

கூட வருபவர்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர், ஓடும் குழந்தை, சுத்த சைவம் சாப்பிடுபவர் என்று யார் இருந்தாலும் கணக்கு மாறும்.

## காலியின் சாப்பாட்டுக் கடிகாரம்

தமிழ்நாட்டில் மாலை 4 மணிக்கும் தோசை கிடைக்கும். தெற்கு இலங்கையில் அப்படியில்லை. ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. இதைத் தெரியாமல் போகிறவர்கள் மாலை 4 மணிக்குப் 'சோறும் கறியும்' கேட்டு, மதியம் ஆறிப்போனதைச் சூடாக்கி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, இலங்கைச் சாப்பாடு சுமார்தான் என்று சொல்லிக்கொண்டு திரும்புகிறார்கள்.

காலை: இடியாப்பம், பருப்பு, தேங்காய்ப்பால் சொதி, தேங்காய்ச் சம்பல். அல்லது தேங்காய் ரொட்டியும் லுணு மிரிஸும் (மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, எலுமிச்சை வைத்து இடித்த சம்பல்). விடுதிகளில் 'இலங்கைக் காலை உணவு' வேண்டும் என்று முந்தின இரவே சொல்லிவிட வேண்டும். மாவு பிழிவதும் தேங்காய் துருவுவதும் காலை எட்டு மணிக்குக் கேட்டு எட்டரைக்கு நடக்கிற வேலை அல்ல. சொல்லாவிட்டால் முட்டையும் டோஸ்ட்டும் வரும்.

மதியம்: சோறும் கறியும். 11:30-க்குச் சட்டிகள் நிரம்பும். ஒரு மீன், ஒரு பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, ஒரு கீரைச் சுண்டல் (இங்கே நம் ஊர்க் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்ல, பச்சைக் கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப் பூ சேர்த்தது, பெயர் மல்லும்), அப்பளம். 1:30-க்கு மேல் கறிகளில் பாதி தீர்ந்திருக்கும்.

மாலை, இரவு: ஆப்பச்சட்டி பெரும்பாலும் மாலை ஐந்துக்கு மேல்தான் அடுப்பேறும். கொத்து ரொட்டியும் அப்படியே. அந்த இரும்புத் தட்டின் தாளச் சத்தம் கேட்க ஆரம்பித்தால் இரவுக் கடை திறந்துவிட்டது என்று அர்த்தம்.

இவற்றுக்கு அப்பால், தெற்குக்கே உரிய ஒன்றைத் தேடிச் சாப்பிட வேண்டும்: அம்புல் தியல். சூரை மீனைப் பெரிய சதுரங்களாக வெட்டி, கொறக்காவை (நம் குடம்புளியின் வகை) அரைத்த விழுது, மிளகுத்தூள், உப்பு, கறுவாப்பட்டை, கறிவேப்பிலை, ரம்பை இலை போட்டுப் பிரட்டி, மண்சட்டியில் ஒரே அடுக்காக வைத்து, சின்னத் தீயில் நீர் வற்றும்வரை வேக விடுவார்கள். புளிப்பும் வறட்சியும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் சில நாள் வைத்திருக்கின்றன. குளிர்ப்பெட்டி இல்லாத காலத்து மீனவர் வீட்டுச் சமையல். சரியான அம்புல் தியல் கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். தட்டில் வைத்தால் குழம்பு ஓடாது. விரலால் அழுத்தினால் மீன் பொடியாகாமல் அடுக்கடுக்காகப் பிரியும், ஒவ்வொரு அடுக்கின் விளிம்பிலும் கறுப்பு விழுது கோடு போட்டிருக்கும். சிவப்பாகக் குழம்போடு வந்தால் அது சாதாரண மீன் கறி. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இது மதியச் சட்டிகளில்தான் அதிகம் தென்படும்.

## முதல் வழி: கோட்டைக்குள் தங்குவது

1588-இல் போர்த்துக்கீசர் தொடங்கியது; 1640-இல் டச்சுக்காரர் கைப்பற்றிப் பெரிதாக்கிக் கட்டியது; 1796-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1988 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். இந்த வரலாறு அறை வாடகையில் நேரடியாகத் தெரியும். பழைய வீடுகளை இடித்துக் கட்ட முடியாது. அறைகள் குறைவு, விலை அதிகம்.

கிடைப்பது என்ன? இரண்டு நல்ல நேரமும். காலையில் தென்கிழக்கு மூலையில் இருக்கும் கலங்கரை விளக்கத்தின் மேல் வெயில் நேராக விழும், 26.5 மீட்டர் உயரம், 1939-இல் கட்டியது, பக்கத்திலேயே வெள்ளைப் பள்ளிவாசல். மாலையில் மேற்குச் சுவருக்குப் போக வேண்டும்: கொடிப்பாறைக் கொத்தளத்திலிருந்து வடக்கே நட்சத்திரக் கொத்தளம் வரை எங்கே நின்றாலும் சூரியன் கடலில் இறங்குவது தெரியும். ஒரே சுற்றில் இரண்டையும் பார்க்கப் பலர் முயல்கிறார்கள்; வெளிச்சம் எப்போதும் தப்பான பக்கத்தில் இருக்கும். காலையில் பாதி, மாலையில் பாதி நடங்கள். கிழக்குப் பக்கம் சில இடங்களில் தெருவுக்கு இறங்கித்தான் தொடர வேண்டும். முழுச் சுற்றுக்கு நிதானமாக ஒன்றரை மணி நேரம் வையுங்கள். சுவரின் விளிம்பில் பல இடங்களில் தடுப்பு இல்லை. குழந்தையின் கையை விடக் கூடாது, செல்ஃபிக்காகப் பின்னால் அடி வைக்கக் கூடாது.

கோட்டைக்குள் இன்னும் குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களில் முஸ்லிம்கள் கணிசம், அவர்களில் பலருக்கு வீட்டு மொழி தமிழ். கடையில் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து திணறிக்கொண்டிருப்பதைவிடத் தமிழில் பேசிப் பாருங்கள். இந்த வீடுகளின் கைமணம்தான் வட்டிலப்பம்: தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து ஆவியில் வைத்தது. நல்ல வட்டிலப்பத்தின் உள்ளே சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், கரண்டி வைத்தால் சாறு கசியும். கொழுக்கட்டை மாதிரி இறுகியிருந்தால் நேற்றையது.

மறைந்திருக்கும் செலவு. முதலாவது பில். மெனு விலைக்கு மேல் 10% சேவைக் கட்டணம், பதிவு பெற்ற உணவகங்களில் 18% வாட். 1,000 ரூபாய் என்று படித்தது 1,300 ரூபாய்க்கு அருகில் வந்து நிற்கும். மெனுவின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். உட்காரும் முன்பே கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். இரண்டாவது, அறை. பவளக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர், குளிர்ச்சி உண்டு. ஆனால் ஜன்னல் இல்லாத உள்ளறைகளும் உண்டு. லிஃப்ட் அநேகமாக இருக்காது, மரப்படி செங்குத்து. பெரியவர்கள் கூட வந்தால் பதிவு செய்யும்போதே தரைத்தள அறை, ஜன்னல் இரண்டையும் எழுதிக் கேளுங்கள். மூன்றாவது, கார். தெருக்கள் குறுகல், நிறுத்தக் கட்டணம் உண்டு. வண்டியோடு வருபவர் விடுதியிடம் இடம் உறுதி செய்யாமல் உள்ளே நுழைய வேண்டாம்.

மது அருந்துபவர்கள் கவனிக்க: கோட்டைக்குள் பல உணவகங்களில் கிடைக்காது. போயா (பௌர்ணமி) நாளில் நாடு முழுவதும் விற்பனை இல்லை.

இது யாருக்கு: பழைய கட்டடம், புகைப்படம், மாலை நடை, மூன்று வேளையும் உள்ளூர்ச் சாப்பாடு என்று வருபவர்களுக்கு. ஒரு இரவு போதும். இரண்டாவது இரவுக்குக் கோட்டை கொஞ்சம் சின்னது. ஒன்பது ஒன்பதரைக்குத் தெரு அடங்கிவிடும்.

## இரண்டாம் வழி: உனவட்டுனவில் தங்கி, கோட்டைக்குப் போய் வருவது

காலியிலிருந்து தென்கிழக்கே ஐந்தாறு கி.மீ. வளைந்த விரிகுடா, கரைக்கு வெளியே பவளப்பாறைத் திட்டு; அதனால் பக்கத்துக் கடற்கரைகளைவிட அலை அடங்கியிருக்கும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நீந்த நல்ல காலம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அப்போது இங்கே அறை மலிவாகக் கிடைக்கும், ஆனால் கடலுக்காக வருபவருக்கு அந்த மலிவால் பயனில்லை.

கோட்டைக்கு ஆட்டோவில் 10-15 நிமிடம். ஒரு நாளைக்கு இரண்டு முறை போய் வந்தால் நான்கு ஆட்டோ. வாயால் பேசும் விலைக்கும் பிக்மீ செயலியில் காட்டும் விலைக்கும் இடைவெளி கண்ணை உறுத்தும். செயலியைத் திறந்து விலையைத் தெரிந்துகொண்டபின் பேச்சுக்குப் போங்கள். ராத்திரி பத்துக்கு மேல் கோட்டை வாசலில் ஆட்டோ குறையும், விலை கூடும். மூன்று நாள் ஆட்டோவைக் கூட்டினால் 'கோட்டைக்குள் அறை விலை அதிகம்' என்று சேமித்ததில் ஒரு பகுதி கரைந்திருக்கும்.

சாப்பாட்டில் இங்கே பலம், இரவு மீன். கடலோர உணவகங்கள் பனிக்கட்டி மேல் மீனை அடுக்கி வைத்திருக்கும்; கண் பளபளப்பாக, செவுள் சிவப்பாக இருப்பதைத் தேர்ந்தெடுக்கலாம். சண்டை வருவது எடையில். விலை முழு மீனின் எடைக்கு. ஒரு கிலோ மீனில் தலை, முள், குடல் போகச் சாப்பிடக் கிடைப்பது ஏறக்குறைய பாதிதான். ஆகவே சுடுவதற்கு முன், உங்கள் கண் முன்னால் எடை போடச் சொல்லுங்கள். சோறு, சாலட், உருளைக்கிழங்கு விலைக்குள்ளா, தனியா என்று கேளுங்கள். மொத்தம் எவ்வளவு என்று ஒரே எண்ணாகச் சொல்ல வையுங்கள். இந்த மூன்றும் செய்தால் பில் வரும்போது முகம் மாறாது.

பலவீனம், காலை. பல இடங்களில் காலைச் சாப்பாடு வெளிநாட்டுப் பயணிக்கான பான்கேக், ஸ்மூத்தி வகை. இடியாப்பம் வேண்டுமென்றால் கடற்கரையை விட்டுப் பிரதான வீதிக்கு நடக்க வேண்டும்.

இது யாருக்கு: இரண்டு இரவுக்கு மேல் தெற்கில் இருப்பவர்களுக்கு, பிள்ளைகளோடு வருபவர்களுக்கு. வார இறுதியில் இசைச் சத்தம் உண்டு. தூக்கம் முக்கியம் என்றால் கரையோர முதல் வரிசையில் அறை எடுக்காதீர்கள்.

## மூன்றாம் வழி: கொழும்பிலிருந்து ஒரு நாள்

ரயிலில் இரண்டரை மணி நேரம், சில வண்டிகள் மூன்று. பாதை பெரும்பகுதி கடலை உரசிக்கொண்டு போகும். போகும்போது வலது பக்கம் கடல், வரும்போது இடது பக்கம். முன்பதிவில்லாத இரண்டாம் வகுப்பு ஆயிரம் இலங்கை ரூபாய்க்குள் அடங்கும். ஒரு குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்: கொழும்பின் முதன்மை ரயில் நிலையத்தின் பெயரே 'கோட்டை'. திரும்பி வரும்போது காலியில் 'கோட்டைக்கு ஒரு டிக்கெட்' என்றால் கிடைப்பது கொழும்புக்கு.

அதிவேகச் சாலைப் பேருந்து மாகும்புர நிலையத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கொழும்பு நடுநகரிலிருந்து மாகும்புரவுக்கே நெரிசலில் ஒரு மணி நேரம் ஆகலாம். கொழும்பு கோட்டை நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கியிருந்தால் ரயில். புறநகரில் நுகேகொட, மஹரகம பக்கம் என்றால் பேருந்து.

காலை ஏழு மணியை ஒட்டிக் கிளம்பும் வண்டியைப் பிடித்தால் பத்துக்குள் காலி. இங்கேதான் இந்த வழியின் சிக்கல்: கோட்டையின் மோசமான ஐந்து மணி நேரம் முழுவதும் உங்களுக்கு. அதைச் சமாளிக்க ஒரு வரிசை:

- 10:00 – நிலையத்திலிருந்து நடந்தே பத்து நிமிடத்தில் கோட்டை. மணிக்கூண்டு (1883), பக்கத்தில் சந்திரக் கொத்தளம். கிரிக்கெட் மைதானம் முழுவதும் காலடியில் தெரியும். இருபது நிமிடம் போதும்.
- 10:30 – வெயிலுக்கு ஒதுங்கும் இடங்கள்: 1755-இல் கட்டிய டச்சு தேவாலயம் (தரையில் கல்லறைப் பலகைகள்), கடல்சார் அருங்காட்சியகம். பழைய வாயிலின் உட்பக்கம் 1669 என்று ஆண்டு பொறித்த டச்சுக் கம்பெனிச் சின்னத்தைப் பாருங்கள், உச்சியில் சேவல்.
- 12:00 – கோட்டையை விட்டு வெளியே வாருங்கள். ஆம், சாப்பாட்டுக்கு வெளியே. புதுநகரில் பேருந்து நிலையத்தைச் சுற்றிய தெருக்களில் அலுவலக ஊழியர்கள் வரிசையில் நிற்கும் கடை எதுவோ அதில் சோறும் கறியும். அதே தட்டு கோட்டைக்குள் இரண்டு மூன்று மடங்கு விலை, கறியும் காரம் குறைத்தது.
- 1:15 – எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (பாகு). மண்சட்டியில் உறைந்த தயிர், வெட்டினால் துண்டாக நிற்க வேண்டும். கித்துள் பாணியில் லேசான புகை வாசம் இருக்கும். வெறும் இனிப்பு மட்டும் இருந்தால் சர்க்கரைப்பாகு கலந்தது.
- 3:30 – மறுபடி உள்ளே, மேற்குச் சுவர். சூரிய அஸ்தமனம் ஆண்டில் எந்த மாதமும் ஆறு, ஆறரையை ஒட்டித்தான்.

இங்கே ஒரு முடிவு கட்டாயம் எடுக்க வேண்டும். அஸ்தமனம் பார்த்தால் இரவுப் பயணம். ரயிலுக்குப் போனால் அஸ்தமனம் இல்லை. கடைசி வண்டிகள் என்னென்ன என்று காலையில் இறங்கியதுமே நிலையத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை, போயாவோடு சேர்ந்த நீண்ட விடுமுறையின் கடைசி நாள் இரண்டிலும் திரும்பும் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது.

இந்த வழியின் மறைந்த செலவு பணமல்ல: ஐந்து ஆறு மணி நேரப் பயணம், கிடைப்பதோ ஒரே ஒரு வேளை. ஆப்பமும் கொத்தும் கொழும்பிலும் கிடைக்கும் என்பதால் பெரிய இழப்பில்லை. இழப்பது காலை ஆறு மணிக் கோட்டை.

இது யாருக்கு: கொழும்பில் வேறு வேலையாக வந்து ஒரு நாள் மிச்சமுள்ளவர்களுக்கு, பெட்டியைத் தூக்கி அலையப் பிடிக்காதவர்களுக்கு. தமிழ் வாசகர் ஒருவருக்கு இன்னொரு காரணமும் உண்டு: சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ 1409-ஆம் ஆண்டிட்டு நிறுவிய, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதிய கல்வெட்டு 1911-இல் காலியில்தான் கிடைத்தது. மூலக்கல் இருப்பது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். காலிக்கு முந்தின நாள் அதைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

## நான்காவதாக ஒன்று: கோட்டை வாசலுக்கு வெளியே, புதுநகர்

மலிவு. மதியச் சாப்பாடு அருமை. நிலையங்கள் பக்கம். காலை ஆறுக்கு நடந்தே சுவருக்குப் போகலாம். போக்குவரத்து இரைச்சலும் புகையும் உண்டு, அறையில் அழகு இருக்காது. தனியாக வரும் இளைஞர்களுக்கு இதைவிடக் கணக்குச் சரியான வழி கிடையாது. குடும்பத்துக்குச் சொல்ல மாட்டேன்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கோட்டைக்குள் | உனவட்டுன | கொழும்பிலிருந்து ஒரு நாள் | புதுநகர் |
|---|---|---|---|---|
| காலைச் சுவர் நடை | அறையிலிருந்து நடந்து | ஆட்டோ, சீக்கிரம் எழ வேண்டும் | இல்லை | நடந்து |
| மாலைச் சுவர் நடை | உண்டு | உண்டு | இரவுப் பயணம் என்றால் மட்டும் | உண்டு |
| சிறந்த வேளை | காலை, வட்டிலப்பம் | இரவு மீன் | மதியச் சோறு | மதியச் சோறு, கொத்து |
| நீச்சல் | இல்லை | உண்டு (டிச–ஏப்) | இல்லை | இல்லை |
| கவனிக்காத செலவு | வாட், சேவைக் கட்டணம் | ஆட்டோ, மீன் எடை | நேரம் | இரைச்சல், தூக்கம் |
| பெரியவர்கள் | தரைத்தள அறை கேட்டால் | வசதி | களைப்பு | சுமார் |

## சைவம் சாப்பிடுபவர்கள் எங்கே தங்கினாலும்

'மரக்கறி' என்று கேட்டால் போதாது. தேங்காய்ச் சம்பல், லுணு மிரிஸ், சில பருப்புக் கறிகள், பீன்ஸ் பொரியல் வரை மாசி (காயவைத்து இடித்த சூரை) தூவியிருக்கும். சமைப்பவர் அதை மீனாகவே எண்ணுவதில்லை, நாம் பெருங்காயத்தை எண்ணாத மாதிரி. சிங்களத்தில் மாசி, உம்பலகட. 'உம்பலகட நெதுவ' (மாசி இல்லாமல்) என்று சொன்னால் புரியும். மதியக் கடையில் ஏற்கெனவே சமைத்த சட்டிகள் என்பதால் மாற்ற முடியாது, விசாரித்து ஒதுக்கத்தான் முடியும். விடுதிக் காலை உணவில் முந்தின இரவே சொன்னால் தனியாக இடித்துத் தருவார்கள். அதனால் சுத்த சைவக் குடும்பத்துக்கு, வாடகை கூடினாலும், வீட்டார் நடத்தும் கோட்டை விடுதி மற்ற மூன்றையும்விட ஒரு படி மேல்.

## தேதி குறிக்கும் முன்

இரண்டு சமயங்களில் கோட்டை அறைகள் முன்னறிவிப்பின்றி விலை ஏறும்: காலி மைதானத்தில் டெஸ்ட் போட்டி நடக்கும் நாள்கள், ஜனவரி–பிப்ரவரியில் வரும் காலி இலக்கிய விழா. இரண்டில் ஒன்று உங்கள் தேதியோடு மோதினால் உனவட்டுனவில் தங்கி, ஒரு நாள் மட்டும் விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோ சொல்லி வைத்துக் கலங்கரை விளக்கத்தின் பக்கம் போய்விடுங்கள். ஆட்டோக்காரரை முந்தின மாலையே பேசி வையுங்கள். அந்த நேரத்தில் செயலியில் வண்டி கிடைப்பது அதிர்ஷ்டம்.